கேட்டுக்கொண்டே இருந்தவன்

ஃபிரிட்ஜை நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் ஓயவில்லை.

யோகேஸ்வரி பிளக்கைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டாள், சொட்டுகிற குழாய்க்குத் துணியும் சுற்றியாயிற்று. தம்பி ஹரிதாஸ் இன்றைக்குத்தான் கண்ணசந்திருக்கிறான், எதுவும் அவனை எழுப்பிவிடக் கூடாது. பகல்தான் என்றாலும் மூடுபனி தேயிலை மேட்டை விழுங்கிவிட்டு ஜன்னல்வரை வந்து வெள்ளையாய் நின்றது. ஈரமண் வாடையோடு, தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பச்சை வாசமும் வீட்டுக்குள் கசிந்தது. அதற்கு நடுவில் ஒரு மூச்சு. இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, ஈரமாக விடுகிற மூச்சு.

ஹரிதாஸுக்கு மனச்சிதைவு நோய். ரிங்லெட் டவுன் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். "மூளை வாசல்ல ஒரு காவக்காரன் இருக்கான்மா. ஃபேன், மழை, கடிகாரம்னு வேண்டாத சத்தத்தையெல்லாம் அவன் வெளியவே நிறுத்திடுவான். ஒங்க தம்பிக்கு அந்த வாசல் தொறந்தே கெடக்கு. எல்லாம் ஒண்ணா உள்ள வந்துடுது."

ஹரிதாஸ் அதை ஒப்புக்கொண்டான், ஒன்றைத் தவிர.

"கடிகாரம், கொழா எல்லாம் சும்மா சத்தம்லா. அது எனக்கே தெரியும். அந்த மூச்சு மட்டும் வேறக்கா. அது எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் நான் தள்ளிப் படுக்க முடியும். மாத்திர போட்டா கேக்காது. அது கிட்ட வந்துடும்."

அதனால் அவன் ஒருநாள் சமையலறையில் படுப்பான், ஒருநாள் வாசல்படியில், கொட்டுகிற பனியில். தோட்டத்து லைன் வீடுகள் முழுக்க வேடிக்கை பார்க்கும். மானம் போகிறதே என்றுதான் அவள் மாத்திரையைப் பொடித்து அவன் குடிக்கிற மைலோ பானத்தில் கலக்க ஆரம்பித்தாள்.

"மைலோ கசக்குதுக்கா."

"ஒனக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும். வியாதிடா."

அவன் நாக்கு சரியாகத்தான் சொன்னது. பொய் சொன்னது அவள். அவனும் பாவம், தலையாட்டிவிட்டு மிச்சத்தையும் குடித்தான். அடிப்பாவி, கூடப்பிறந்தவனிடம் போய் இப்படியா? அந்தக் காலிக் கோப்பையை நினைக்கும்போதெல்லாம், அவன் நல்லதுக்குத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

இப்போது கேட்பது தன்னுடைய மூச்சாகத்தான் இருக்கும். வாயைப் பொத்தி அடக்கிப் பார்த்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

கூடத்தில் இல்லை. குளியலறையில் இல்லை. அவன் அறையை நெருங்க நெருங்கத் தெளிவாகக் கேட்டது. அவன் விடுகிற மூச்சாக இருக்கட்டும், முருகா. கதவைத் தள்ளினாள்.

ஹரிதாஸ் வாசலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். கண் திறந்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரித்தான்.

"அக்கா, இப்பத்தான் நிம்மதியா இருக்குலா. ஒண்ணுமே கேக்கல."

அவன் பேசும்போதும் அந்த மூச்சு வந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், சுவரோரம், போர்வை மேடாக எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.

"ஹரி. எழுந்து வாடா. மெதுவா."

"ஏன்க்கா? குளிருது." மருந்து மயக்கத்தில் அவன் குரல் குழறியது. "இங்கதான் கதகதப்பா இருக்கு."

அவன் பின்னால் நகர்ந்து அதை ஒட்டிக்கொண்டான்.

மூச்சு நின்றது.

யாருடைய கையும் படாமல் போர்வையின் ஓரம் அவன் தோள்மேல் ஏறியது. கழுத்துக்கு வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல், அவன் முகத்தையும் மூடியது.