உடைய மறுத்த எலும்பு

பிணத்தின் தொடை எலும்பு உடையவில்லை.

இயந்திரம் இன்னும் அழுத்தியது. எலும்பு அசரவில்லை.

ஆராய்ச்சி மாணவி ஸூ மான் வீலென்று அலறினாள்.

குய்யாங் மூலிகை ஆய்வகம் முழுக்கக் கேட்டது. காவலாளி டிங் ஓடி வந்தார். முன்னாள் போலீஸ்.

"யாரும்மா செத்தது?"

"எலிண்ணே."

"எலிக்கா இந்தக் கத்து?"

"இந்நேரம் இதோட எலும்பு பொடிஞ்சிருக்கணும்ணே. சினைப்பையை எடுத்த எலி. மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்குத் தேயற மாதிரி தேயணும். பக்கத்து வரிசைக்கு மலை மூலிகைச் சாறு, இதுங்களுக்கு வெறும் தண்ணி. வித்தியாசம் தெரிஞ்சாதான் எனக்கு டாக்டர் பட்டம்."

"தெரியலையா?"

"துளி கூட இல்ல. யாரோ இதுங்களுக்கு எதையோ குடுக்கறாங்க..."

போன் அலறியது. நிர்வாகி ஷி மேடம்.

"கேள்விப்பட்டேன். நாளைக்கு மதியத்துக்குள்ள காரணம் வேணும். இல்லேன்னா உன் ஆராய்ச்சிய மூடிடுவேன்."

மூன்று வருட உழைப்பு...

டிங் மிச்சமிருந்த எலிகளின் கூண்டருகே மூக்கை நீட்டினார்.

"மரத்தூள்ல சோயாப்பால் வாசனை."

ஸூ மான் வெளிறினாள்.

"போச்சு. சோயாவும் எலும்பைத் தாங்கலாம்னுதான் இதுங்க தீனியில அதைச் சேர்க்கறதே இல்ல."

மறுநாள் காலை. தீவன மூட்டைகளுக்குப் பின்னால் இருவரும் பதுங்கினார்கள்.

பூட்டில் சாவி திரும்பியது.

முதலில் ஒரு பிளாஸ்க் வந்தது. பிறகு மாவுக்கட்டு போட்ட ஒரு கை. பிறகு...

ஷி மேடம்!

"குடிங்கடி செல்லங்களா," என்று கிண்ணத்தில் ஊற்றினார்.

டிங் எழுந்தார். "நல்லா இருக்கா மேடம்?"

பிளாஸ்க் நழுவப் பார்த்தது.

"எனக்கு எலும்பு தேயுதுன்னு வீட்டுக்காரர் தினமும் சோயாப்பால் அரைச்சுக் குடுக்கறார். எனக்கு அந்த வாசனையே ஆகாது. மிச்சம் கொண்டு போனா மனுஷன் மூஞ்சி வாடிடும்... இங்க பலகையில 'மருந்து கிடையாது'ன்னு போட்டிருந்துச்சு. பாவமா இருந்துச்சுப்பா."

"மதியத்துக்குள்ள காரணம் கேட்டீங்களே," என்றாள் ஸூ மான். "எழுதியே குடுத்துடட்டுமா?"

மேடம் பிளாஸ்க்கை மூடினார்.

"புது எலி எத்தனை வேணும்?"

"நாப்பது. சாவி என்கிட்டயே இருக்கும்."

"சரி... வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாத."

டிங் மாவுக்கட்டைப் பார்த்தார். "கை எப்படி உடைஞ்சது?"

"லேசாத்தான் வழுக்கினேன்..."

டிங் பிளாஸ்க்கை அவரிடமே நீட்டினார்.

"இனிமே நீங்களே குடிச்சிடுங்க மேடம். இல்லேன்னா அடுத்த தடவை விழறப்ப, இந்த எலிங்கதான் உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்."