மலை இறங்கி நிரம்பிய பேட்டரி

“அக்கா, என்னை ஏமாத்துக்காரின்னு சொல்றாங்க.”

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டாள் டிரைவர் பெண். சோதனைக் காரின் சாவியை மேசைமேல் வைத்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஆமையக்கா. எதையும் ஆற அமரப் பார்ப்பதால் வந்த பட்டப்பெயர். புது வண்டி விற்பனைக்குப் போகுமுன் சொன்னபடி நடக்கிறதா என்று சரிபார்க்கும் பொறியாளர் அவர். பக்கத்தில் இருந்த இளைய பொறியாளனுக்குப் பட்டாசு என்று பெயர். திரியைக் கிள்ளுவதற்குள் வெடிப்பான்.

அந்தக் காரில் பெட்ரோல் எஞ்சினுக்குத் தோள்கொடுக்க ஒரு சின்ன மின்மோட்டார் உண்டு. வேகம் குறையும்போது சக்கரத்தின் விசையை அதே மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கும். தினமும் அதே மலைச்சாலை, அதே கார், அதே டிரைவர். ஆனால் சில வாரங்களாகப் பேட்டரி கணக்குக்கு மீறி நிரம்பி வந்தது. புறப்படும்போதும் திரும்பும்போதும் மட்டும் அளந்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள். நடுவழியில் நடந்ததற்குச் சாட்சி இல்லை. எங்கோ சார்ஜரில் செருகி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்று மேலாளர் முடிவுகட்டிவிட்டார். சாயங்காலம் அவளுக்கு வேலை போய்விடும்.

“ஓட்டுறதுல ஏதாவது மாத்தினியாம்மா?” என்று கேட்டார் ஆமையக்கா.

“இல்லக்கா.” பதில் முந்திக்கொண்டு வந்தது, கண் தரையைப் பார்த்தது.

“முழியே சரியில்லையே,” என்று பட்டாசு முணுமுணுத்தான்.

“உன் முழி மட்டும் ரொம்ப ஒழுங்கா? வா, வண்டியைப் பார்ப்போம்.”

பட்டாசு சார்ஜர் வயரைத் தேடிக் காரையே கவிழ்க்காத குறை. கதவு இடுக்கில் ஒரு உப்பு பிஸ்கட் பொட்டலமும் ஒரு எலுமிச்சம்பழமும்தான் கிடைத்தன. ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டான்.

ஆமையக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். காலை முழுக்க நீட்டினால்தான் பெடலுக்கு எட்டியது. “அவளும் என் உயரம்தானே? சீட்டை ஏன் இவ்வளவு பின்னால தள்ளியிருக்கா?”

பிறகு சக்கரத்துக்குள் டார்ச் அடித்தார். பிரேக் கட்டை தேயவே இல்லை. கடைசியாக பானெட்டைத் திறந்தார். எஞ்சினையும் மோட்டாரையும் இணைக்கும் ரப்பர் பெல்ட்டை இரண்டு உருளைகள் இறுக்கிப் பிடித்திருந்தன. ஒன்று சுத்தமாக இருந்தது. மற்றொன்றைச் சுற்றிக் கண்மை அப்பியதுபோல் கருந்தூள்.

ஆமையக்கா இரண்டு உருளைகளிலும் மாறி மாறி டார்ச் அடித்துப் பார்த்தார். “மேலாளரைக் கூப்பிடுடா. அந்தப் பொண்ணையும்.”

எல்லாரும் காரைச் சுற்றி நின்றார்கள்.

“சார், மோட்டார் எஞ்சினை இழுக்கும்போது பாரம் தாங்குறது இந்தச் சுத்தமான உருளை. சக்கரத்தோட விசையில மோட்டார் சுத்தி மின்சாரம் எடுக்கும்போது தாங்குறது அந்தக் கறுப்பு உருளை. சார்ஜர்ல செருகினா பெல்ட் அசையவே அசையாது. பெல்ட் தேஞ்ச இந்தத் தூள் எங்கிருந்து வரும்?”

“அதே ரோடு, அதே ஆளு. திடீர்னு எப்படி?”

“கால் மாறிடுச்சு சார். சடார்னு பிரேக் போட்டா அந்தச் சின்ன மோட்டாரால அவ்வளவையும் வாங்க முடியாது. மிச்சம் பிரேக்ல சூடாப் போயிடும். தூரத்துலயே வேகத்தைக் குறைச்சு மெதுவா இறக்கினா பெரும்பங்கு பேட்டரிக்கு வந்துடும். குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரிதான். திணிச்சா வழியும்; பொறுமையா ஊட்டினா பருக்கை சிந்தாது.”

“இத்தனை வருஷம் ஓட்டினவ இப்ப ஏன் மாத்தணும்?”

“அது நம்ம சோதனைக்குள்ள வராது சார்.”

மேலாளர் கருந்தூளை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். “தப்பு என்மேலதாம்மா. நாளைக்கு வழக்கம்போல வந்துடு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டாசுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. “எனக்காவது சொல்லுங்கக்கா! ஏன் மாத்தினாங்க?”

ஆமையக்கா டிரைவர் பெண் பக்கம் திரும்பினார். அவள் தொளதொளத்த சட்டைமேல், வயிற்றில் கைவைத்தாள்.

“அஞ்சாம் மாசம். குலுங்கக் கூடாதேன்னு ஆக்சிலேட்டர்ல இருந்து காலைத் தானா முன்னாடியே எடுத்துடுறேன். சொன்னா வண்டியை என்கிட்ட இருந்து வாங்கிடுவாங்கன்னு பயந்துட்டேன்.”

“சொல்லாம எத்தனை நாள் ஓட்டுவே? நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்ச் சொல்வோம். வேலைக்கு நான் பேசறேன்,” என்றார் ஆமையக்கா.

பட்டாசு மறுபடி அந்தத் தூளைப் பார்த்தான். இன்னும் கண் திறக்காத ஓர் உயிர், அவ்வளவு பெரிய மலையின் இறக்கத்தைத் தினமும் சிந்தாமல் ஏந்தி வந்திருக்கிறது. இத்தனை அளவுக் கருவி வைத்திருந்தும் அவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

பட்டாசு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, மடித்து, கதவு இடுக்கில் இருந்த இடத்திலேயே வைத்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.