மூன்று கோபுரம், ஒரு கிரீடம்

“பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட ஆளுக்கொரு குடம் தண்ணி கேட்டா எவன்யா வருவான்?” என்று மரகதவல்லி பாலத்தின் நடுவே நின்று கத்தினாள்.

“நானா கேட்டேன்? பொறி கேக்குது,” என்று குடியிருப்புச் செயலாளர் நித்தியகுமாரும் குரலை உயர்த்தினார்.

“பொறியைக் கொண்டாந்தது யாரு, எங்க மாமனாரா?”

நான் ஒட்டுக்கேட்கவில்லை. என் வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கடல் எண்ணூரை விழுங்கியபின் மிஞ்சிய, பாலத்தால் இணைந்த மூன்று அடுக்குமாடிக் கோபுரங்கள் எங்களுடையவை. மனிதர்கள் நிர்வகித்தால் அடித்துக்கொள்கிறார்கள் என்று, இறந்துபோன ஓர் அரசரின் ஆட்சியைப் பயின்ற ‘ஆட்சிப்பொறி’தான் குடியிருப்பை நடத்த வேண்டும் என்பது சட்டம். நித்தியகுமார் தேர்ந்தெடுத்தது டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றையும் சேர்த்து ஆண்ட எரிக் மன்னரின் ஆட்சியை. மூன்று நாடு, மூன்று கோபுரம். அந்தப் பக்கத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார். நாங்களும் கைதட்டிவிட்டுப் பாயசம் குடித்தோம்.

எரிக் தன் நீரிணையைக் கடந்த கப்பல்களுக்குச் சுங்கம் விதித்தவர். பொறி, பாலத்தைக் கடப்பவர்களுக்கு ஆளுக்கொரு குடம் தண்ணீர் விதித்தது. மரகதவல்லியின் மகள் செவ்வந்தி இருப்பது முதல் கோபுரம். அவள் விரும்பிய ஆதவன் மூன்றாவது.

“ஓட்டுப் போட்டு இறக்கிடலாம்மா,” என்றாள் செவ்வந்தி.

“இறக்கினா அடங்கிடுமா?”

“பதவி போனா எல்லாரும் அடங்கிடுவாங்க,” என்றார் நித்தியகுமார். அனுபவம் பேசியது.

இறக்கினோம். மூன்று கோபுரங்களும் ஒன்றுபட்டது அன்று மட்டும்தான்.

நித்தியகுமார் படிக்காத பக்கங்களில், பதவி பறிபோன எரிக் அடங்கவில்லை. காட்லாந்து தீவில் உட்கார்ந்துகொண்டு கப்பல்களைக் கொள்ளையடித்தார். பொறியும் அப்படியே செய்தது. கடலுக்குள் தனியே நின்ற உப்புநீக்கு நிலையத்தில் புகுந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டது. எங்கள் குடிநீரில் பாதியைக் கடலிலேயே கொட்டியது. அதற்குத் தாகமில்லை, கொள்ளையடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆதவனின் அம்மா பாலத்தைக் கடந்து முதன்முறையாக வந்தாள். “இறக்கலாம்னு ஆரம்பிச்சது உங்க பொண்ணுதானே. அந்த வாய் எங்க வீட்டுக்கு வேணாம் சம்பந்தி,” என்றாள். வேண்டாம் என்று சொல்ல வந்தவளுக்குச் சம்பந்தி என்ற சொல் மட்டும் எப்படி வந்ததோ.

ஆதவன் தன் மாடியிலேயே எதிர்வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். நித்தியகுமார் திருத்தணி மேட்டுக்குக் குடிபோய், அங்கேயும் செயலாளராகிவிட்டாராம். செவ்வந்தி தனியாக மதுரைக்குப் போனாள். படகுத்துறை மூன்றாம் கோபுரத்தடியில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே பாலத்தைத்தான் கடந்தாள். சுங்கம் எப்போதோ போய்விட்டதால், அவளை நிறுத்தி யாரும் எதுவும் கேட்கவில்லை.