பன்னிரண்டாம் வீட்டின் பின்னறை

ஏரிக்கரை எந்த நேரமும் உடையலாம் என்று ஒலிபெருக்கி வண்டி சொல்லிவிட்டுப் போன அரை மணி நேரத்தில் மேல்தெரு காலியாகிவிட்டது. அங்கே வீட்டுக்கு வீடு கார் இருந்தது. குண்டூசியின் வீட்டுக் காரில், முன்னால் அப்பாவும் அம்மாவும், பின்சீட்டில் ஒரு பக்கம் அவள். மறு பக்கம் போர்வை சுற்றிய டிவி. அப்பா டிவிக்கு மட்டும் பெல்ட் மாட்டினார்.

குண்டூசிக்கு வயது பத்து. ஒல்லியாக இருந்ததால் அந்தப் பெயர்.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் மேல்தெருக்காரர்களுக்கு மாடி வகுப்பறைகள். ஒவ்வொரு குடும்பமும் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுத் தனக்கென்று வேலி கட்டிக்கொண்டது. ஆற்றோரத் தெருக்காரர்களுக்குக் கீழ் வகுப்பறைகள். அவர்கள் ஒரே டிராக்டரில் நான்கு நடையாக வந்திருந்தார்கள்.

கீழே காய்கறி விற்கும் அத்தை ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குண்டூசி படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"ஏழாவது வீடு?"

"ஆறு பேரும் வந்தாச்சு. கோழிதான் ஒண்ணு குறையுது."

"கோழியை அப்புறம் தேடலாம். எட்டாவது வீடு?"

முடித்ததும் அத்தை குண்டூசியைப் பார்த்தார். "உங்க தெருவுல யாரு பாப்பா ஆளு எண்ணினது?"

குண்டூசி எழுந்து மாடிக்கு ஓடினாள். கரும்பலகையில் மேல்தெரு வீட்டு எண்களை ஒன்று முதல் பதினெட்டு வரை எழுதி, ஒவ்வொரு வீடாகத் தேடிப் பார்த்து டிக் போட்டாள். பதினெட்டும் வந்திருந்தன. அப்போதுதான் பன்னிரண்டாம் வீட்டின் பின்னறை நினைவுக்கு வந்தது. சந்து வழியே தெருவைப் பார்க்கும் ஜன்னல் உள்ள அந்த அறையில் குடியிருக்கும் தையல்காரருக்குக் காது சுத்தமாகக் கேட்காது; பேச்சும் வராது.

"தையல்காரர் எங்க அங்கிள்?" என்று பன்னிரண்டாம் வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"தனி மனுஷன்தானே, கிளம்பி வந்திருப்பாரு."

"அவருக்கு ஒலிபெருக்கி கேட்காதே."

அவர் பக்கத்துப் பெஞ்சில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க ஏத்திக்கிட்டு வந்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நான் நீங்கன்னு நினைச்சேன்."

குண்டூசி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "நாம போய்க் கூட்டிட்டு வரலாம்ப்பா."

"ரோட்டுல தண்ணி வந்துடுச்சும்மா. கார் நின்னு போயிடும்."

அவள் கீழே ஓடி அத்தையிடம் விஷயத்தைச் சொன்னாள். அத்தை யாரையும் திட்டவில்லை. டிராக்டர் ஓட்டுபவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். வாயில் இருந்த ரொட்டியோடு அவர் எழுந்தார்.

"வழி தெரியாதே," என்றார்.

குண்டூசி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து வழியை வரைந்தாள். யோசித்து, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: "தண்ணி வருது. இவங்க நல்லவங்க. கூட வாங்க. குண்டூசி."

"இது எதுக்கு?"

"நீங்க எவ்வளவு கத்தினாலும் அவருக்குக் கேட்காது. தெரியாத ஆள் இழுத்தா பயந்துடுவாரு."

டிராக்டர் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தையல்காரர் துணி வெட்டும் மேசைமேல் நின்றுகொண்டிருந்தாராம். அறையில் இடுப்பளவு தண்ணீர். கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் கம்பியை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்களாம்.

அவர் மாடிக்கு ஏறி வந்ததும் எல்லோரும் அவசரமாகப் பெஞ்சுகளை நகர்த்தினார்கள். இங்கே வாருங்கள், இங்கே வாருங்கள் என்று ஆளாளுக்குக் கை காட்டினார்கள். தையல்காரர் யார் பக்கமும் போகவில்லை. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கரும்பலகைக்குப் போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்தார்.

"காலையில வரிசையா கார் போனதைப் பார்த்தேன். எல்லாரும் கல்யாணத்துக்குப் போறீங்கன்னு நினைச்சேன். ஜன்னல்ல நின்னு கை அசைச்சேன்."

பன்னிரண்டாம் வீட்டுக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

"நீ பார்த்தியாம்மா?" என்று குண்டூசி கேட்டாள்.

"பார்த்தேன்," என்றாள் அம்மா. "நானும் கை அசைச்சேன்."

தையல்காரர் கரும்பலகையில் இன்னொரு வரி எழுதினார்: "சாப்பிட ஏதாவது இருக்கா?"

அம்மா எழுந்துபோய்த் தன் தட்டை நீட்டினாள். அவர் தலையசைத்து வாங்கிக்கொண்டார். ஆனால் அங்கே உட்காரவில்லை. தட்டோடு கீழ் வகுப்பறைக்குப் போனார்.

குண்டூசி தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே படியிறங்கினாள்.