தடுமாறக் கற்றவள்

காலை பத்து மணி வகுப்பில் பதினான்கு பேர் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ‘வந்து… வந்து…’ என்று இழுத்தார். இன்னொருவர் கையிலிருந்த தாளைக் கீழே போட்டுப் பொறுக்கினார்; பொறுக்கியதை மறுபடி போட்டார். முன்வரிசையில் வங்கி அதிகாரி ஒருத்தி நாக்கு வறண்டதுபோல எச்சில் விழுங்கப் பழகினாள். வாசலில் என்னவோ மேடைப் பேச்சுப் பயிற்சி நிலையம் என்றுதான் பலகை. பார்க்கப் பார்க்க அமலோற்பவத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நேர்ச்சொல் சட்டம். எவர் பேரிலும் எழுத்தையும் படத்தையும் எந்திரமே ஆக்கித் தரத் தொடங்கியபின் மனு, சான்றிதழ், வீடியோ எதற்கும் மதிப்பில்லாமல் போயிற்று. அரசிடம் எது கேட்பதானாலும் ஆளே நேரில் வந்து, குலுக்கலில் எடுத்த இருபத்தொரு பேர் முன்னால் நின்று, வாயால் கேட்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சனங்கள் சும்மா இருப்பார்களா? காதுக்குள் ஓதுசில்லைப் பதித்துக்கொண்டு, எந்திரம் ஓதியதை அப்படியே ஒப்பித்தார்கள். சில்லைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் மேடையில் இடறல்மானியை வைத்தார்கள். மனிதன் என்றால் பேச்சு இடறும். இடறாதவன் ஒப்பிக்கிறான் என்பது கணக்கு. பன்னிரண்டு புள்ளிக்குக் கீழே வந்தால் ‘ஊட்டிய பேச்சு’ என்று தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

போன மாதம் அமலோற்பவம் வாங்கியது மூன்று.

பின்னே என்ன வாங்குவாள்? பதினேழு வயதிலிருந்து முத்தன்துறையில் மீன் ஏலம் கூறுகிறவள். சீலாவும் பாறை மீனும் கூடை கூடையாக வந்திறங்க, மூச்சுவிடாமல் விலையை ஏற்றுகிற வாய். நடுவில் கொஞ்சம் நின்றால் போதும், வியாபாரி அமுக்கிவிடுவான். அந்த வாயோடு மேடையேறி, கட்டப்போகும் கடல்சுவர் எங்கள் தெருவின் நாற்பத்துமூன்று வீட்டையும் வெளியே விட்டுவிட்டுப் போகிறது, கடல் பக்கமாக முந்நூறு அடி தள்ளிக் கட்டுங்கள் என்று கேட்டாள். ஒரு சொல் பிசகவில்லை. எந்திரம் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். ஒரு கோரிக்கைக்கு இரண்டே வாய்ப்பு. மூன்று வாரத்தில் இரண்டாவது. அதிலும் தோற்றால் ஐப்பசி அலைக்கு முன்னால் தெருவே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“நீங்க நடிக்கீங்கன்னு மானிக்குத் தெரியுதும்மா,” என்றார் பயிற்சியாளர் பொன்னுலிங்கம். “நேத்தும் ஏழுதான். தொண்டை இறுகணும், நெஞ்சு அடிக்கணும், அப்பத்தான் அது நம்பும். சொல்லவே முடியாத சொல்லுன்னு உங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?”

“எனக்கா? நல்லா கேட்டீங்க.”

“வீட்டுக்காரர் பேரு என்னது?”

“கஸ்பார். ஆறு வருசம் முந்தி, எங்க வாசல்ல வச்சே கடல் கொண்டு போயிட்டு.” கூடை மீனுக்கு விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள்.

“அந்தப் பேர்ல நிப்போம்,” என்றார் அவர். “பாதிப் பேர்ல விட்டுட்டு ரெண்டரை நொடி. அவர் போன நாளை நெனைச்சுக்கிட்டு நில்லுங்க.”

“செத்த மனுசன் பேர வச்சு வித்தை காட்டச் சொல்லுதீரா? வெக்கமா இல்ல ஒமக்கு?”

“இருக்கும்மா. நாப்பத்துமூணு வீடும் இருக்கே.”

விருட்டென்று எழுந்து வந்துவிட்டாள். ஆனால் வீட்டில் உட்கார முடிந்ததா, நிற்க முடிந்ததா? அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அந்த வீட்டில் கஸ்பாரின் பேர் புழங்காத நாள் இல்லை. அவன் போய் நான்கு மாதம் கழித்துப் பிறந்த இமெல்டா சோற்றைத் துப்பினால், “கஸ்பாருக்குப் பொறந்தது வேற எப்படி இருக்கும்” என்று ஏசுவாள். ஏசும்போது அவன் பக்கத்தில் இருப்பதுபோல ஒரு தெம்பு. அதைத்தான் இப்போது உடைக்கச் சொல்கிறார்கள்.

மறுநாள் நிலையத்திலிருந்து மணிக்கட்டு மானியை வாங்கிக் கட்டிக்கொண்டாள். மாவு பிசையும்போது, இமெல்டாவுக்குத் தலை வாரும்போது, ஏலத்துக்கு ஓடும்போது, “எம் புருசன் கஸ்… கஸ்பார்.” எட்டு. ஒன்பது. மறுபடியும் எட்டு. அவன் கை தண்ணீருக்குள் போனதை நினைத்துக்கொண்டு சொன்ன அன்றைக்குப் பதினான்கு. ஐயோ, துள்ளிவிட்டாள்! துள்ளிய கையோடு தன்மேலேயே அருவருப்பும் வந்தது. இருந்தும் நிறுத்தவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை, மூன்று வாரம்.

விசாரணை நாளில் அவள் மேடையேறியபோது தெருவே பின்னால் உட்கார்ந்திருந்தது. பேசினாள். அந்தப் பேர் வந்தது. நின்றாள். இருபத்தொரு பேரில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மானி இருபத்தாறு காட்டியது. சுவரை முந்நூறு அடி தள்ளிக் கட்ட உத்தரவாயிற்று. பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பின்வரிசையில் பொன்னுலிங்கம்கூடக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் பதிவு. சுவருக்குள் வரும் வீடுகளில் ஐந்து வயது நிரம்பிய எல்லாரும் தம் வாயாலேயே பேர் சொல்ல வேண்டும். எழுத்தர் இமெல்டாவின் பக்கம் குனிந்தார்.

“பாப்பா, பேரென்ன?”

“இமெல்டா.”

“அப்பா பேரு?”

“கஸ்…” என்றாள் இமெல்டா. நின்றாள். எச்சில் விழுங்கினாள். தரையைப் பார்த்தாள். “கஸ்பார்.”

“பாவம், அப்பா நெனப்பு,” என்று எழுத்தர் பேனாவை வைத்துவிட்டார்.

நினைப்பாவது! அவள் அப்பாவைப் பார்த்ததே இல்லை. அமலோற்பவம் மண்டியிட்டு மகளின் தோளைப் பிடித்தாள்.

“ஏட்டி, அப்படிச் சொல்லக் கூடாது. நேராச் சொல்லணும். அம்மா சொல்லுதேன் பாரு. கஸ்…”

மீதி வரவில்லை. முக்கிப் பார்த்தாள், தொண்டை திறக்கவில்லை. இமெல்டா அம்மாவின் வாயையே பார்த்தபடி, பழகிய பொறுமையோடு காத்திருந்தாள்.

“அப்படித்தானம்மா நானும் சொன்னேன்,” என்றாள்.