பதில் சலாம்

கனடாவிலிருந்து திரும்பி வந்த சில நாட்களிலேயே சித்தீக் வீட்டுக்குள் நுழையும்போது சலாம் சொல்வதை விட்டுவிட்டார்.

வேறொருத்தி இதைக் கவனித்திருக்கமாட்டாள். கமருன்னிஸா கவனித்தாள். கல்யாணமாகி அய்யம்பேட்டைக்கு வந்த நாளிலிருந்து அவள் காது பழகிய ஓசை அது. வாசற்படியில் செருப்பு கழலும். தொண்டை செருமும். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று அந்தக் குரல் கூடத்துக்குள் விழும். வீட்டில் ஆள் இல்லையென்றாலும் சொல்வார். ஆளில்லாத வீட்டுக்கும் சலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்று அவருடைய அத்தா பழக்கியிருந்தார். அவரிடமிருந்து அந்தப் பழக்கம் அவளுக்கும், அவளிடமிருந்து மகள் தஹ்மீனாவுக்கும் தொற்றிக்கொண்டது. இப்போது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நிற்கிறார். கழுத்தை நீட்டி உள்ளே எதையோ கேட்கிறார். பிறகு அயலார் வீட்டுக்குள் போவதுபோல ஓசையில்லாமல் வருகிறார்.

"என்னங்க, சலாம் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"மறந்துட்டேன் கமரு."

ஒரு நாள் மறக்கலாம். தினமுமா?

அதன் பிறகுதான் மாடியிலிருந்து வரும் குரல். மதியத் தொழுகை முடிந்து, சாப்பிட்டு, சித்தீக் மாடி அறையில் கொஞ்ச நேரம் படுப்பார். அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் குரல் அவளுக்குக் கேட்கும். மிகத் தணிந்த குரல். என்ன சொல்கிறது என்று பிடிபடாது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது போலிருக்கும். ஒருநாள் ஈரக் கையோடு படியேறிப் போய்ப் பார்த்தாள். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். போன் எட்டாத தூரத்தில் அலமாரிமேல் கிடந்தது. அறை அந்தப் புரட்டாசிப் புழுக்கத்திலும் குளிர்ந்திருந்தது. நனைந்த கம்பளியும் அணைந்த மெழுகுத்திரியும் கலந்த வாடை. எங்கேயோ அறிந்த வாடை.

"யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க?"

"நான் எங்க பேசினேன்? நீதானே கீழேருந்து..." பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். கடையில் இருந்த காலத்தில், சந்தேகமான நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ஒரு பெண் இருக்கிறாள் என்று அன்றைக்கே கமருன்னிஸா முடிவு செய்துவிட்டாள். யார், எந்த ஊர் என்பதுதான் தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தை வாயில் போட்ட உப்புக்கல்லைப் போல வைத்துக்கொண்டே நாட்களைக் கழித்தாள். கேட்கவில்லை. இருவரும் சாப்பிடும்போது தட்டில் விரல் படும் சத்தம் மட்டுமே கேட்கும் நாட்கள் அவை.

மகளிடம் அவர் போனில் பேசியதைக் கேட்டபோதுதான் அது வெடித்தது.

"பிரசவத்தை அங்கேயே வச்சுக்கன்னு சொன்னீங்களா?"

"அங்க ஆஸ்பத்திரி நல்லா இருக்கு, கமரு."

"தலைப்பிள்ளைங்க! தாய்வீட்டுக்கு வராம, பனியில தனியா கெடக்கணுமா எம்பொண்ணு? அவ வந்தா உங்க குட்டு வெளிப்பட்டுடும். அதானே? மாடியில யாரு பேசறா உங்ககூட?"

அவர் மாடிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "அப்ப உனக்கும் கேக்குதா?" என்றார்.

எவ்வளவு துணிச்சல் என்று அவள் நினைத்தாள். அன்றே மகளுக்குப் பேசி, உடனே புறப்பட்டு வா என்றாள்.

இன்று தஹ்மீனா வருகிறாள். ஏழாம் மாத வயிற்றோடு. சித்தீக் மதியமே காரில் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பிப் போனார். போகும்போது வாசலில் நின்று மாடி ஜன்னலை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மகளுக்காக மாடி அறையில் புது விரிப்பு விரித்து, கொசுவலை கட்டி, கீழே வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. கொல்லைப்புற வாய்க்காலுக்கு அப்பால் சம்பா வயல்கள் நீரும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. தவளைகள் தொடங்கியிருந்தன. அப்போதுதான் மருமகன் ஜாபிர் மாண்ட்ரியலிலிருந்து அனுப்பியது போனில் வந்தது. "மாமி, மாமா போன்ல அழிஞ்சுபோச்சாமே கியூபெக் போட்டோல்லாம். நான் அப்பவே காப்பி எடுத்து வச்சிருந்தேன். தஹ்மீனா வர்ற வரைக்கும் பாருங்க."

அழிந்துபோனதா? அவர் அழித்திருப்பார். எதற்காக?

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். சித்திரை மாதம் அது. தஹ்மீனாவுக்கு மசக்கை, வாந்தி. அதனால் ஜாபிர் அவர்கள் இருவரை மட்டும் பஸ் ஏற்றிவிட்டான். மதில் சூழ்ந்த பழைய ஊர். மேடும் பள்ளமுமாகக் கல் பாவிய தெருக்கள், செங்குத்தான படிக்கட்டுகள், பிரெஞ்சில் எழுதிய பலகைகள். கீழே காவிரியைப்போலப் பத்து மடங்கு அகலத்தில் ஓர் ஆறு. அதில் உடைந்த பனிப்பாளங்கள் மிதந்து போயின. சால்வைக்குமேல் சால்வை போர்த்தி அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு அவர்கள் தங்கிய வீடு. குறுகிய சந்தில், முன்னூறு வருஷத்துக் கல்வீடு. வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தார். வாசலில் எண்பூட்டுப் பெட்டிக்குள் சாவி. உள்ளே ஆள் யாரும் இல்லை என்று முன்பே எழுதியிருந்தார்.

ஆனால் ஒரு கிழவி இருந்தாளே?

கிளம்புகிற காலையில் பார்த்தாள். படிக்கட்டு திரும்புகிற இடத்தில், சாம்பல் நிறத்தில் நீண்ட உடை, தலையில் முக்காடு. முக்காட்டைப் பார்த்ததும் கமருன்னிஸாவுக்கு மனம் இளகிவிட்டது. வீட்டுக்காரரின் அம்மாவாக இருக்கும் என்று நினைத்தாள். மொழி தெரியாவிட்டால் என்ன? ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வாய்பேசாமல் கிளம்ப முடியுமா? தமிழிலேயே சொன்னாள். அவள் பேசப் பேசக் கிழவியின் உதடுகளும் கூடவே அசைந்தன. காது கேளாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று எண்ணிக்கொண்டாள்.

அடுத்தது வீடியோ. வாசலிலிருந்து சித்தீக் எடுத்தது. படிக்கட்டின் அடியில் அவள் அண்ணாந்து, கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வர்றோம்மா. நீங்களும் ஒருநாள் எங்க ஊருக்கு வாங்க. அவசியம் வாங்க."

படிக்கட்டில் யாரும் இல்லை.

மரப்படிகள். கைப்பிடி. சுவரில் மங்கிய வெளிச்சம். அவ்வளவுதான்.

அதைவிட வேறொன்று அவளைத் தொட்டது. அந்தக் குரல். போனிலிருந்து வந்த குரல் தன்னுடையதாகத் தோன்றவில்லை. சற்று மெல்லியதாக, மூக்கடைத்ததாக இருந்தது. தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தஹ்மீனா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஆனால் இந்தக் குரலை அவள் கேட்டிருக்கிறாள். அடுப்படியில் நின்றுகொண்டு. எத்தனையோ மதியங்களில்.

மாடியிலிருந்து.

வீடியோ இன்னும் முடியவில்லை. அதில் கமருன்னிஸா வாயை மூடிக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பி நடந்தாள். அவள் உதடுகள் அசையவில்லை. ஆனால் குரல் மறுபடி வந்தது. கொஞ்சம் தயங்கி, பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளையைப்போல.

"எங்க ஊருக்கு வாங்க. அவசியம் வாங்க."

போனைத் தரையில் வைத்தாள்.  சித்தீக்கை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னங்க. வீடியோவைப் பார்த்துட்டேன்."

விமான நிலையத்தின் இரைச்சல். 

"அந்த வீட்டுக்குள்ள மொதல்ல போனது நான்தான்," என்றார். "சலாம் சொன்னேன். மேலேருந்து பதில் வந்துச்சு. நம்ம சலாமுக்குப் பதில் சொல்ல அந்த ஊர்ல யாரு இருக்கா? நீயாத்தான் இருக்கும்னு நெனச்சேன். திரும்பிப் பார்க்கறேன், நீ தெருவுல பெட்டியோட நின்னுக்கிட்டிருக்க."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நம்ம வீட்டுக்கு வந்தப்புறமும் சலாம் சொன்னா ரெண்டு குரல் பதில் சொல்லுச்சு. ஒண்ணு அடுப்படியிலேருந்து. ஒண்ணு மாடியிலேருந்து. ரெண்டும் உன் குரல். எது நீ, எது அதுன்னு..." பின்னால் ஏதோ விமான அறிவிப்பு ஒலித்து ஓய்ந்தது. "கூட வந்தது நீதானான்னே எனக்குத் தெரியல கமரு. நான் யாருகிட்டன்னு சொல்றது?"

இத்தனை நாள் அவள் அவரைச் சந்தேகித்தாள். அதே தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து அவர் அவளைச் சந்தேகித்திருக்கிறார்.

"நான்தாங்க," என்றாள். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்பது சொன்ன பிறகே உறைத்தது.

"சரி, கேளு. தஹ்மீனாவை அங்க தங்க வைக்க மாட்டேன். பாபநாசத்துல ஹாஃபிஸா அக்கா வீட்டுக்கு அழைச்சுட்டுப் போறேன். வழியில உன்னையும் ஏத்திக்கறேன். மாடிக்குப் போகாத. எங்கேயும் போகாத. கூடத்துலயே உக்காந்திரு. கூடத்துல இருக்கறவதான் நீன்னு நான் தெரிஞ்சுக்கறேன். எது வந்தாலும் கூடத்தை விட்டு நகராத. புரியுதா?"

"புரியுதுங்க."

அழைப்பு முடிந்தது. வீடு அமைதியாக இருந்தது. கவனித்துக் கேட்பவர்கள் இருக்கும் இடத்து அமைதி. ஸ்பீக்கரில் போட்டிருக்கக்கூடாது என்று அப்போதுதான் தோன்றியது.

மழை வலுத்தது. வயல்பக்கத்துக் காற்று ஓட்டுச்சார்ப்பில் நீரை வாரி அடித்தது. மின்சாரம் போயிற்று. மெழுகுத்திரி ஒன்றை ஏற்றி ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி, தெரிந்த ஓதல்களையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தின் நடுவே மாடிப்படி. அதற்கு அந்தப்பக்கம் தெருவாசல். இந்தப்பக்கம் அவளும் அடுப்படியும் கொல்லைக்கதவும். அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு பள்ளிவாசலிலிருந்து மழையில் கரைந்து கரைந்து வந்தது. அது ஓய்ந்ததும் அந்தக் கியூபெக் கல்வீட்டு வாடை மாடியிலிருந்து இறங்கியது. கம்பளி. குளிர்ந்த கல். அணைந்த திரி.

பிறகு மேலேயிருந்து.

"வாம்மா."

சற்றுப் பொறுத்து, இன்னும் அன்பாக. "வாம்மா தஹ்மீனா. வந்துட்டியா."

இன்னொரு முறை. இப்போது விம்மலோடு. சரியாக அவள் எப்படிச் சொல்வாளோ அப்படி. "எளைச்சுப் போயிட்டியே, தாயி."

ஒத்திகை.

முதல் படி முனகியது. இது காரை வீடு. சிமெண்டுப் படிகள். ஆனால் முனகியது மரம்.

இரண்டாவது படி.

நகராதே என்று அவர் சொல்லியிருந்தார். நகரவில்லை. மெழுகுத்திரிச் சுடர் படிக்கட்டுப் பக்கம் சாய்ந்தது. படித்திருப்பத்தில் சாம்பல் நிற விளிம்பு ஒன்று தெரிந்தது. அதற்குக் கீழே பாதம். அந்தப் பாதத்தில் அவளுடைய மெட்டி.

ஓடினாள்.

அடுப்படி. கொல்லைக்கதவு. மழை. சேறு. வாய்க்கால் கரையில் விழுந்தாள். எழுந்தபோது தெருப்பக்கம் கார் வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கியது. கதவு திறக்கும் சத்தம். சித்தீக்கின் குரல், "தஹ்மீனா, கார்லயே இரு. இறங்காதே."

"பாத்ரூம் போகணும் அத்தா. திருச்சியிலேருந்து அடக்கிக்கிட்டு வர்றேன்." சிரிப்பு. அவள் மகளின் சிரிப்பு. பிறகு வாசலில், பழக்கிவைத்தபடியே, கணீரென்று. "அஸ்ஸலாமு அலைக்கும்!"

வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"வ அலைக்குமுஸ்ஸலாம். வாம்மா தஹ்மீனா. வந்துட்டியா."

கமருன்னிஸா வீட்டைச் சுற்றி ஓடினாள். சந்தில் வழுக்கியது. சுவரைப் பிடித்தாள். நகம் பிய்ந்தது. தெருவாசலை அடைந்தபோது சித்தீக் நிலைப்படிக்கு உட்புறம் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கூடம். கூடத்தில் மெழுகுத்திரி. அங்கே சுவரோரம், அவர் இருக்கச் சொன்ன அதே இடத்தில், அவளுடைய சேலையில் ஒருத்தி. அவள் தோளில் தஹ்மீனாவின் தலை. அவள் கை தஹ்மீனாவின் வயிற்றை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

"தஹ்மீனா! அவ நான் இல்லம்மா! வெளிய வா!"

தஹ்மீனா திடுக்கிட்டு இருளுக்குள் பார்த்தாள். சேறு. அவிழ்ந்த தலை. இரத்தம் வழியும் கை.

"அம்மா," என்றாள், பயத்தோடு அந்தச் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு. "வெளியில யாரும்மா அது? உங்க குரல்லயே பேசுது."

"என்னங்க," என்று கமருன்னிஸா சித்தீக்கிடம் கெஞ்சினாள். "நான்தாங்க. அஸ்ஸலாமு அலைக்கும். பதில் சொல்லுங்க. நான்தாங்க."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பார்வை.  பதில் வரவில்லை.

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பற்றினாள். உள்ளே இருந்தவள் தஹ்மீனாவின் தலைக்கு மேலாக நிமிர்ந்து, அமைதியாக, விருந்தாளியை வழியனுப்பும் மரியாதையோடு பேசினாள்.

"போயிட்டு வாங்கம்மா. ஒருநாள் அவசியம் வாங்க."

கமருன்னிஸா அலற வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உள்ளே இருந்தவள் பேசப் பேச, மழைக்குள் நின்ற அவளுடைய உதடுகள் மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் கூடவே அசைந்துகொண்டிருந்தன.