நான்காவது மெயில்

ஜாஹித்தின் திரையில் நான்கு வரிகள் இருந்தன. கயல்விழி இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். அவள் அனுப்பியது மூன்றுதான்.

"ஆபீஸ் மெயில்லேருந்து உங்க சொந்த மெயிலுக்கு நாலு போயிருக்குக்கா," என்றான் ஜாஹித், குரலைத் தாழ்த்தி. அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவன் பொறுப்பு. "சிஸ்டம் எல்லாத்தையும் பதிஞ்சு வச்சுக்கும். மேனேஜர் நேத்தே பார்த்துட்டாரு."

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த அந்த மாடி அலுவலகத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. வெளியே ஐப்பசி மழை விடாமல் இறங்கிக்கொண்டிருக்க, மூலையில் விரித்து வைத்த குடைகளின் ஈர வாடையும் ஜெனரேட்டரின் டீசல் வாடையும் கலந்து கிடந்த அந்த அறைக்குள், அவற்றுக்கெல்லாம் அடியில், மெல்லிசாக, தொண்டையை அரிக்கிற நெல்தூசியின் வாடை ஒன்று இருந்தது. நெல் இந்த மாடிக்கு வருவதே இல்லை. வருவதெல்லாம் காகிதம்தான்.

நெல் இருந்தது பூதலூருக்கு வெளியே. அங்கே கம்பெனியின் ஆறு சைலோக்கள் வயல்களுக்கு நடுவில் கோபுர உயரத்துக்கு இரும்பு உருளைகளாக நின்றன. செல்லதுரை அங்கே சூப்பர்வைசர். ஐம்பதை நெருங்கியவர். தஞ்சாவூர் வரும்போதெல்லாம் "பாப்பா, நல்லாருக்கியா?" என்று கேட்காமல் போகமாட்டார். அவர் மேனேஜருக்கு மூன்று மெயில் எழுதினார். மூன்றிலும் கயல்விழிக்கு ஒரு நகல்.

'ஐயா, மூன்றாம் நம்பர் சைலோவில் ஆள் உள்ளே இறங்கியிருக்கும்போது அடியில் நெல்லை வெளியே தள்ளும் கன்வேயர் தானாக ஓடுகிறது. நெல் ஆளை உள்ளே இழுக்கிறது. சரிசெய்து கொடுக்கவும்.'

மூன்றிலும் இதேதான். கடைசி மெயிலில் மட்டும் 'தயவுசெய்து' என்று இரண்டு முறை இருந்தது.

மேனேஜர் சந்தானகிருஷ்ணன் மூன்றையும் அழிக்கச் சொன்னார். கயல்விழி அழித்தாள். அதற்கு முன் மூன்றையும் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அந்த இரண்டாவது 'தயவுசெய்து'வை அழிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் செல்லதுரை மூன்றாம் நம்பர் சைலோவுக்குள் செத்தார். குடித்துவிட்டு அனுமதியில்லாமல் இறங்கினார் என்று கம்பெனி அறிக்கை எழுதியது. அவர் மனைவி ரெங்கம்மாள் இரண்டு முறை மாடியேறி வந்தாள். "அவரு குடிக்கமாட்டாரும்மா. அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடச் சொல்லும்மா." கயல்விழி தண்ணீர் கொடுத்தாள். "சொல்றேங்க," என்றாள். சொல்லவில்லை. இரண்டு வருஷம் அலைந்து கிடைத்த வேலை. அன்றிலிருந்து தன் சொந்த மெயிலைத் திறக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

சந்தானகிருஷ்ணன் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "கம்பெனி மெயில் கம்பெனி சொத்தும்மா. ஜாஹித் பார்க்க உன் சொந்த மெயில்ல எல்லாத்தையும் அழிச்சுட்டு ஆத்துக்குப் போ. நாளைக்கு வேலைக்கு வரணும் இல்லையா?" சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நாலாவது எப்ப போனது?" என்றாள் கயல்விழி.

"ஒன்பதாம் தேதி. ரெண்டு அம்பத்தேழுக்கு."

செல்லதுரை செத்த நாள். அந்த நேரத்தில் அவள் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அதான்கா எனக்குப் புரியல." ஜாஹித் ஒரு படத்தைத் திறந்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவர் திரையையும், உட்கார்ந்திருப்பவர் முகத்தையும் சிஸ்டம் படமெடுத்துக்கொள்ளும். படத்தில் அவளுடைய திரை. மெயில் திறந்திருக்கிறது, போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அவளுடைய நாற்காலி. யாருமில்லை. "இந்த மெயில் உங்க ஆபீஸ் இன்பாக்ஸுக்கு வரவே இல்லக்கா. வராத மெயில் எப்படி வெளிய போகும்?"

அவள் தன் போனை எடுத்துத் திறந்தாள். தலைப்பு இல்லாத மெயில். அனுப்பியவர் பெயர் அவளுடையது இல்லை, செல்லதுரை. எழுத்து ஒன்றும் இல்லை. ஒரு ஒலிப்பதிவு மட்டும். நாற்பத்தொரு செகண்ட். ஜாஹித் ஹெட்போனை நீட்டினான்.

முதலில் மழைச் சத்தம் என்றுதான் நினைத்தாள். மழை இல்லை. ஈரமே இல்லாத இரைச்சல்; ஆயிரம் சாக்குகளை அவிழ்த்து ஒரே நேரத்தில் கொட்டுவதுபோல் நிற்காமல் சரிகிற சத்தம், அதற்கு நடுவில் அகப்பட்ட ஒரு மூச்சு. இழுக்கிறது. விடுகிறது. இழுக்க முடியவில்லை.

"பாப்பா... கன்வேயர் ஓடுது பாப்பா. நிறுத்தச் சொல்லு."

கயல்விழி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் அந்த மனுஷனுக்குக் கூப்பிட அவள் ஒருத்திதான் கிடைத்தாளா? அவள் சைலோவுக்கு ஒரு போன் செய்திருந்தால் போதுமே. அப்போது அவள் படிக்கட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றான் ஜாஹித். அவன் குரல் மாறியிருந்தது. "நாப்பத்தொரு செகண்டுதானே இருந்துச்சு?"

ஒரு நிமிஷம் இருபது என்று காட்டியது போன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்தொன்று ஆனது. இருபத்திரண்டு.

ஹெட்போனில் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜாஹித் வயரைப் பிடுங்கினான். "அழிச்சுருங்கக்கா. எல்லாத்தையும் அழிச்சுருங்க."

அவள் விரலைக் கொண்டுபோனாள். வைக்க முடியவில்லை. இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஒருவரை எப்படி அழிப்பது? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஜாஹித் மேனேஜரின் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அழிச்சாச்சுன்னு எழுதிடறேன். போங்க."

பூதலூர் போகும் பாசஞ்சர் ரயிலில் கூட்டமில்லை. ஜன்னலுக்கு வெளியே புதிதாக நட்ட சம்பா வயல்கள் தண்ணீருக்குள் நின்றன. வானம் சாம்பலாக அந்தத் தண்ணீரில் கிடந்தது. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. மடியில் போன் சுட்டது. அவள் அதைத் திறக்கவில்லை. ஆனாலும் சத்தம் வந்தது. சன்னமாக. சரசரவென்று. எதிரில் இருந்தவர் மழை வலுக்கிறதா என்று ஜன்னலைப் பார்த்தார்.

திறந்தாள். இரண்டு மணி நேரம் பதினான்கு நிமிஷம்.

ரெங்கம்மாளின் வீடு பூதலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அவள் கயல்விழியைப் பார்த்ததும் பாயை உதறிப் போட்டாள். கயல்விழி உட்காரவில்லை. "மன்னிச்சுடுங்க. இதை அன்னைக்கே கொடுத்திருக்கணும்," என்று மூன்று மெயில்களையும் திறந்து காட்டினாள்.

ரெங்கம்மாள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். மூன்றாவதை இரண்டு தடவை வாசித்தாள்.

"எழுதிருக்காரே. இவ்வளவு கெஞ்சி எழுதிருக்காரே." முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். "குடிகாரன் எழுதுற எழுத்தா இது?"

"நாளைக்கு லேபர் ஆபீசுக்கு நானும் வர்றேங்க. இதைக் காட்டுவோம். வேலை போனாப் போகட்டும்." சொன்னபோது மூன்று வாரங்களில் முதல் முறையாக அவளுக்கு நெஞ்சு லேசானது. போனுக்காகக் கையை நீட்டினாள்.

ரெங்கம்மாளின் விரல் கீழே நழுவியது. நான்காவதில்.

"அதை விட்டுடுங்க—"

இரைச்சல் தகரக் கூரைவரை அறையை நிறைத்தது. பிறகு மூச்சு. பிறகு குரல்.

"ரெங்கம்மா."

இப்போது 'பாப்பா' என்று கூப்பிடவில்லை.

"இருட்டா இருக்கு, ரெங்கம்மா."

ரெங்கம்மாள் அழுகையை நிறுத்தினாள். போனை இரண்டு கையாலும் எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். "என்னங்க," என்றாள். "நான் இங்கதாங்க இருக்கேன்."

அந்தப் பக்கம் ஏதோ சொல்லியது. அவள் தலையாட்டினாள்.

கயல்விழி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. "கொடுத்துடுங்கம்மா. அது அவரில்ல. கொடுத்துடுங்க."

"விடும்மா." ரெங்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேசிக்கிட்டிருக்காரு."

தரையில் ஏதோ விழுந்தது. ஒரு நெல்மணி.

இன்னொன்று.

போனுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து. கழுத்து வழியாக, தோள் வழியாக, நூல்போல. பிறகு கயிறுபோல. சரசரவென்று. வறண்டு, சூடாக.

கயல்விழி கையை விட்டாள். பின்னால் நகர்ந்தாள். சுவர்.

"எங்கயும் போகலங்க," என்று ரெங்கம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்புமாக. அவள் காலடியில் நெல் குவிந்தது. பாதம் மறைந்தது. கணுக்கால் மறைந்தது. அவள் காலை எடுக்கவில்லை. காதை இன்னும் அழுத்திக்கொண்டு, தூங்காத குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் போனின் முதுகை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தாள். நெல் அவள் முழங்காலைத் தொட்டது.